ஊசிக்குப் பின் வந்த மூட்டுவலி

கேள்வி: கொரோனா ஊசி போட்ட மறுநாள் என் மாமியாருக்கு ஜுரம் கண்டது; பிறகு சில மாதம் கழித்து மூட்டுவலி. இரண்டும் ஊசியால்தான் என்கிறார். மெய்தானா?
– ஒரு வாசகி, பூரணாங்குப்பம்

பதில்: ஜுரத்தைப் பொறுத்தவரை அவர் சொல்வது மெய்யே, அந்நியப் பொருளொன்றை எதிர்க்கச் சரீரம் பழகும்போது ஜுரமும் கைவலியும் அசதியும் தோன்றி ஓரிரு தினங்களில் தணிவது இயல்பு. மூட்டுவலியின் விஷயமோ காக்காய் உட்காரப் பனம்பழம் விழுந்த கதையாகவும் இருக்கலாம். இதற்கோர் உதாரணம் சொல்கிறேன்: 2021 ஏப்ரல் 15-ஆம் தேதி சென்னை ஓமந்தூரார் அரசு மருத்துவமனையில், ஜனங்களின் பயத்தைப் போக்கவென்றே பகிரங்கமாகக் கோவாக்சின் போட்டுக்கொண்ட நடிகர் விவேக், மறுநாள் மாரடைப்புற்று 17-ஆம் தேதி அதிகாலை காலமானபோது, எந்தப் பயத்தைப் போக்க அவர் முனைந்தாரோ அந்தப் பயமே பன்மடங்காகப் பெருகிற்று. இருதயத்தின் பிரதான இரத்தக்குழாயில் முழு அடைப்பு இருந்ததாக மருத்துவர்கள் அன்றே கூறியதையும், மரணத்துக்கு ஊசி காரணமன்றென மத்திய அரசின் குழு அவ்வாண்டு அக்டோபரில் தெரிவித்ததையும் செவிமடுத்தவர் சொற்பம்.

ஆயினும், ஊசியால் தீங்கே இல்லையென்று சாதிப்பவரோடும் நான் உடன்படேன். கோவிஷீல்டு வகை ஊசிக்குப் பின் தட்டணுக்கள் குறைந்து இரத்தம் உறையும் வியாதி, மிக அபூர்வமாகவேனும், சிலருக்கு வந்ததுண்டு. அதுவும் பெரும்பாலும் சில வாரங்களுக்குள்.

வலி கற்பனையன்று, ஆகையால் ஊசியோடு வழக்காடுவதை ஒத்திவைத்துவிட்டு, ஆரம்ப சுகாதார நிலையத்திலோ கோரிமேட்டு ஜிப்மரிலோ மாமியாரின் முழங்காலைக் காட்டுங்கள்.