மூச்சை அடக்காதே

நுழையும்முன்

கடலுக்குள் மனிதரைக் காப்பது உடல் வலிமையா, கற்ற ஒழுங்கா? முற்காலத்து முத்துக்குளிப்பையும் இக்காலத்து ஸ்கூபா முக்குளிப்பையும் ஒப்பிட்டு இப்பாடம் விடை கூறுகிறது.

பாடம்

மன்னார் வளைகுடாவில் முத்துக்குளித்தல் பன்னெடுங்காலம் நிகழ்ந்த தொழிலாகும். கொற்கைத் துறையின் முத்துகளைச் சங்கப் பாடல்கள் போற்றுகின்றன. முத்துக்குளிப்பவர் படகில் நின்று மார்பு நிறைய மூச்சை இழுத்து, கனமான கல்லின் துணையோடு கடலடிக்கு இறங்குவார். மூச்சை அடக்கியபடியே சிப்பிகளைத் திரட்டுவார். அவர் கயிற்றை அசைத்ததும் படகிலுள்ளவர் மேலே இழுப்பார். அக்கயிற்றைப் பிடிக்க மைத்துனரையே நிறுத்துவது வழக்கம் என்பர். தம் தங்கையின் வாழ்வும் அக்கயிற்றில்தான் இருக்கிறது என்பதை மைத்துனர் மறவார் அல்லவா?

இன்று அந்தமானின் சுவராஜ் தீவு, இலட்சத்தீவுகள், கருநாடகக் கடலிலுள்ள நேத்ராணித் தீவு போன்ற இடங்களில் பலர் ஸ்கூபா முக்குளிப்பைக் கற்கின்றனர். முதுகில் சுமக்கும் உருளையில் அழுத்தி அடைக்கப்பட்ட காற்று இருக்கும். அது தூய ஆக்சிஜன் அன்று. நாம் நாள்தோறும் சுவாசிக்கும் காற்றேயாகும். வாயில் பொருத்தும் ரெகுலேட்டர் என்னும் கருவி, மூச்சை இழுக்கும்போதெல்லாம் தேவையான அளவு காற்றைத் தரும். பிரான்சு நாட்டைச் சேர்ந்த ஜாக் கூஸ்தோவும் எமில் காக்னானும் 1943 ஆம் ஆண்டில் இத்தகைய கருவியை உருவாக்கினர்.

இக்கலையைக் கற்க வருவோருக்குச் சொல்லப்படும் முதல் விதி, 'மூச்சை அடக்காதே' என்பதாகும். முத்துக்குளித்தவரின் உயிரைக் காத்த செயலே ஸ்கூபா முக்குளிப்பவரின் உயிருக்குக் கேடாகிறது. இதற்குக் காரணம் என்ன?

கடல்மட்டத்தில் காற்று நம்மீது செலுத்தும் அழுத்தத்தை 1 பங்கு எனக் கொள்வோம். கடலில் ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்திற்கும் மேலும் 1 பங்கு அழுத்தம் கூடும். அழுத்தம் இரு மடங்கானால் காற்றின் பருமன் பாதியாகும். அழுத்தம் குறைந்தால் பருமன் பெருகும். இதனை ராபர்ட் பாயில் 1662 ஆம் ஆண்டில் வெளியிட்டார்.

முத்துக்குளிப்பவர் 6 லிட்டர் காற்றை நுரையீரலில் அடக்கிக்கொண்டு 10 மீட்டர் இறங்கினால், அது 3 லிட்டராகச் சுருங்கும். அவர் மேலே வரும்போது மீண்டும் 6 லிட்டராக விரியும். அதற்குமேல் விரியாது. ஸ்கூபா முக்குளிப்பவரோ ஆழத்திலேயே புதுக்காற்றைப் பெறுகிறார். 10 மீட்டர் ஆழத்தில் அவர் நுரையீரலை நிரப்பும் 6 லிட்டர் காற்று, கடல்மட்டத்தில் 12 லிட்டராக விரியக்கூடியது. அதனை அடக்கிக்கொண்டு மேலே வந்தால் நுரையீரல் கிழியும். மூச்சை இடைவிடாது இழுத்து விட்டுக்கொண்டிருந்தால், விரியும் காற்று தானே வெளியேறிவிடும்.

இன்னொன்றும் கருதத்தக்கது. 30 மீட்டரிலிருந்து 20 மீட்டருக்கு வரும்போது அழுத்தம் 4 பங்கிலிருந்து 3 பங்காகிறது. 10 மீட்டரிலிருந்து மேற்பரப்புக்கு வரும்போது அது பாதியாகிறது. ஆதலால் புதியவர் அச்சமின்றி இருக்கும் ஆழமற்ற நீரிலேயே மாற்றம் மிகுதி. நீச்சல்குளத்தின் ஆழத்தில்கூட இவ்விடர் நேரலாம்.

முகக்கண்ணாடிக்குள் திடீரென நீர் புகுந்தால், மூச்சை இறுக்கிக்கொண்டு மேலே பாய்வதே மனிதரின் இயல்பு. பயிற்சி அவ்வியல்பை மாற்றுகிறது. வாயால் சுவாசித்தபடியே கண்ணாடியின் மேல்விளிம்பை அழுத்தி மூக்கால் ஊதினால் நீர் வெளியேறும். ரெகுலேட்டர் வாயிலிருந்து நழுவினாலும் சிறு குமிழிகளை விட்டுக்கொண்டே அதனைத் தேடி எடுக்க வேண்டும். இவற்றை ஆழமற்ற நீரில் பலமுறை பழகிய பின்னரே கடலுக்குள் செல்வது முறை.

இறங்கும்போது காதுகளைக் காக்க வேண்டும். வலி தோன்றும் முன்னரே மூக்கைப் பிடித்து மெல்ல ஊதினால் காதினுள் அழுத்தம் சமமாகும். வலி எழுந்தால் சற்று மேலேறி மீண்டும் முயல்வர். சளி பிடித்த நாளில் இறங்குதல் கூடாது. ஆஸ்துமா முதலிய நோய்களை மருத்துவப் படிவத்தில் மறைப்பது தன்னையே ஏமாற்றுவதாகும்.

மேலேறும்போது விரைதல் ஆகாது. அழுத்தத்தால் நைட்ரஜன் வளி உடலில் கரைந்திருக்கும். சோடாப் புட்டியை விரைந்து திறந்தால் நுரை பொங்குவதுபோல, விரைந்து மேலேறினால் உடலுக்குள் குமிழிகள் தோன்றும். ஆகவே நிமிடத்திற்கு 9 மீட்டருக்கு மிகாமல் ஏறுவர். 5 மீட்டர் ஆழத்தில் 3 நிமிடம் தங்குவர். வானூர்தியினுள் காற்றழுத்தம் குறைவாதலால், ஒருமுறை முக்குளித்தவர் 12 மணிநேரமும், பலமுறை முக்குளித்தவர் 18 மணிநேரமும் கழிந்த பின்னரே பறக்கலாம்.

நீருக்குள் பேச இயலாது, கைகளே மொழி. கட்டைவிரலும் சுட்டுவிரலும் வட்டமாகச் சேர்ந்தால் 'நலம்' என்று பொருள். விரித்த கையை இருபுறமும் சாய்த்து அசைத்தால் 'இடர்' என்று பொருள். கட்டைவிரலை உயர்த்தினால், நிலத்தில் கருதுவதுபோல 'நன்று' என்று பொருளன்று. 'மேலே செல்வோம்' என்பதே பொருள். நலம் என்று சொல்ல எண்ணிக் கட்டைவிரலை உயர்த்துபவர், தம்மை மேலே அழைத்துச் செல்லுமாறு கேட்டவராவார்.

ஸ்கூபா முக்குளிப்பவர் தனியே செல்வதில்லை. இறங்கும் முன் துணைவர் இருவரும் ஒருவர் மற்றவரின் கருவிகளைச் சரிபார்ப்பர். ஒருவருக்குக் காற்றுத் தீர்ந்தால் மற்றவர் தம் காற்றைப் பகிர்வார். அன்று மைத்துனரின் கையிலிருந்த கயிறு, இன்று கண்ணுக்குத் தெரியாமல் துணைவரிடம் இருக்கிறது.

இருவருள் ஒருவர் 'மேலே செல்வோம்' எனச் சைகை காட்டினால், காரணம் கேளாமல் மற்றவரும் உடன் ஏற வேண்டும். படகிலேயே மனம் தயங்கினால், 'இன்று வேண்டா' என்று சொல்ல எவருக்கும் உரிமை உண்டு. பணம் கட்டியாயிற்றே என்றோ, நண்பர் நகைப்பரே என்றோ எண்ணி இறங்குவது துணிவன்று. கடல் நாளையும் அங்கேயே இருக்கும்.

சொற்பொருள்

பருமன் – பொருள் அடைத்துக்கொள்ளும் இட அளவு
வளி – காற்று
இடர் – துன்பம், ஆபத்து
வேண்டா – வேண்டாம்

பயிற்சி

அ. விடை எழுதுக.
1. முத்துக்குளித்தவர் மூச்சை அடக்கலாம். ஸ்கூபா முக்குளிப்பவர் அடக்கக் கூடாது. ஏன்?
2. கடல்மட்டத்தில் 6 லிட்டராக உள்ள காற்று, 20 மீட்டர் ஆழத்தில் எத்தனை லிட்டராகும்?
3. 'கண்ணுக்குத் தெரியாத கயிறு' எனப் பாடம் எதனைக் குறிக்கிறது?

ஆ. எடுத்துக்காட்டைப் போல எதிர்மறை ஏவலாக மாற்றுக.
எடுத்துக்காட்டு: அடக்கு – அடக்காதே
1. மறை 2. ஓடு 3. தொடு 4. அஞ்சு

இ. செய்து காட்டுக.
வகுப்பில் இருவர் இருவராக நின்று, பேசாமல், பாடத்தில் வந்த மூன்று சைகைகளைக் காட்டுக. துணைவர் அவற்றின் பொருளைத் தமிழில் எழுதுக.