முதலிடம் யாருக்கு? அரசின் முன்னுரிமையும் நம் உழைப்பும்



கையில் ஐந்நூறு ரூபாய்தான் இருக்கு. குழுத் தவணை கட்டணும், பிள்ளைக்கு நோட்டு வாங்கணும், நமக்கு முழங்கால் வலிக்கு மாத்திரையும் வாங்கணும். எதை முதலில் செய்வோம்? எதைத் தள்ளிப் போடுவோம்? பெரும்பாலும் நம்ம மாத்திரையைத்தான் தள்ளிப் போடுவோம், இல்லையா?

இப்படி ஒன்றுக்கு முதலிடம் கொடுப்பதற்குப் பெயர்தான் முன்னுரிமை. அரசாங்கமும் இதைத்தான் செய்கிறது. யாருக்கு முதலில், யாருக்குப் பிறகு என்று அது எடுக்கும் முடிவு நம்ம அடுப்படி வரைக்கும் வருகிறது. எப்படி என்று நம்ம தூத்துக்குடிக் கடற்கரையை வைத்தே பார்ப்போம்.

முத்துக் குளித்த காலம்

கொற்கை முத்து என்றால் பாண்டிய நாட்டுக்கே பெருமை. ஆனால் கடலில் இறங்கியது யார்? சுமார் 2000 ஆண்டுகளுக்கு முன் ஒரு கிரேக்க வணிகர் எழுதிய கடல் பயணக் குறிப்பு, தண்டனை பெற்ற கைதிகளை வைத்து அங்கே முத்து எடுத்ததாகச் சொல்கிறது.

வெள்ளைக்காரன் காலத்தில் எடுத்த சிப்பியை மூன்று பங்கு வைத்தார்கள். இரண்டு பங்கு அரசாங்கத்துக்கு. மூச்சை அடக்கி உள்ளே இறங்கியவர்களுக்கு ஒரு பங்கு. அரசின் கண் வருமானத்தின் மேல்தான் இருந்தது.

சுதந்திரத்துக்குப் பிறகு 1955 முதல் 1961 வரை அரசு முத்துக்குளிப்பு நடத்தியது. அதன்பின் சிப்பி குறைந்து, தொழில் நின்றுபோனது. முத்துச் சிப்பி வளரும் கடலடிப் பாறைத் திட்டை 'பார்' என்பார்கள். எந்தப் பார் எங்கே இருக்கு என்று கரையில் நின்றே சொல்லும் அறிவு பரம்பரையாக வந்தது. தொழில் போகும்போது கூலி மட்டும் போவதில்லை. அந்த அறிவும், சொல்லும், பழக்கவழக்கமும் கூடவே போய்விடும்.

உப்பளத்துக்கு வருவோம்

உப்பு உற்பத்தியில் குஜராத்துக்கு அடுத்தபடி தமிழ்நாடு. அதில் பெரும்பகுதி நம்ம தூத்துக்குடி உப்பு. அளத்து வேலைக்குப் போகிற பெண்கள் விடியும் முன்பே கிளம்புகிறார்கள். உப்புநீரில் நின்று நின்று காலில் புண். வெள்ளை உப்பில் வெயில் பட்டுத் தெறித்துக் கண்ணில் எரிச்சல். தலையில் சுமை.

ஐப்பசி மழை விழுந்தால் அதுவும் இல்லை. அக்டோபர், நவம்பர், டிசம்பர் மூன்று மாதமும் வட்டிக்கு வாங்கித்தான் அடுப்பு எரியும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையில் அளங்கள் மூழ்கி, குவித்து வைத்திருந்த உப்பும் கரைந்து போனதை நாம் மறக்க முடியுமா?

ஒரு கணக்குப் போடுவோம்

நமக்குத்தான் கணக்கு எழுதத் தெரியுமே! நோட்டை எடுங்க.

மீன்பிடித் தடைக்காலம் 2001-ல் 45 நாளாகத் தொடங்கியது. 2017 முதல் ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாள். மீனவர் குடும்பத்துக்கு நிவாரணம் இப்போது 8,000 ரூபாய். ஒரு நாளைக்குச் சுமார் 131 ரூபாய்.

உப்பளத் தொழிலாளர்களுக்கு மழைக்கால நிவாரணம் 2022-ல்தான் வந்தது. சங்கங்கள் பல வருசம் கேட்டுக் கேட்டுக் கிடைத்தது அது. 5,000 ரூபாய். மூன்று மாதம், அதாவது 92 நாளுக்குப் பிரித்தால் ஒரு நாளைக்குச் சுமார் 54 ரூபாய்.

மீனவருக்குக் குறைக்கணும் என்று இதைச் சொல்லவில்லை. அந்த 131 ரூபாயே குடும்பம் நடத்தப் போதாது. அவர்களை "கடலுக்குப் போகாதே" என்று அரசு சொல்கிறது. நம்மை "அளத்துக்குப் போகாதே" என்று மழை சொல்கிறது. பசி இரண்டு வீட்டிலும் ஒன்றுதான். ஒரே மாதிரி கஷ்டத்துக்கு ஒரே மாதிரி கவனிப்பு வேணும். அதற்குப் பெயர்தான் சமூக நீதி.

பட்டியலில் பெயர் இருக்கா?

இன்னொரு விஷயம். நிவாரணம் வந்தாலும் பட்டியலில் பெயர் இருந்தால்தான் கைக்கு வரும். இன்று ஒரு அளம், நாளை ஒரு அளம் என்று போகிற பெண்ணிடம் வேலை செய்வதற்குச் சான்று இருக்காது. இருபது வருசம் உப்பு சுமந்திருப்பாள், ஒரு காகிதத்திலும் அவள் பெயர் இருக்காது. பெயர் இல்லாதவளை எந்தத் திட்டமும் தேடி வராது.

18 வயது முதல் 60 வயது வரை உள்ள அமைப்புசாராத் தொழிலாளர்கள் நலவாரியத்தில் பதிவு செய்யலாம். பிள்ளைகளின் படிப்பு, பிரசவம், 60 வயதுக்குப் பின் ஓய்வூதியம் என்று பல உதவிகள் அதில் உண்டு. அட்டை இருந்தும் புதுப்பிக்காமல் விட்டால் பலன் இல்லை.

குழுக் கூட்டத்தில் செய்ய வேண்டியவை

1. நம் குழுவில் அளத்து வேலைக்குப் போகிறவர்கள் எத்தனை பேர்? நலவாரிய அட்டை உள்ளவர்கள் எத்தனை பேர்? பெயர் பெயராக எழுதுங்கள்.

2. அட்டை இல்லாதவர்களைத் தனியாக அனுப்ப வேண்டாம். ஐந்து பேர், பத்துப் பேராகத் தொழிலாளர் நல அலுவலகத்துக்குப் போங்கள்.

3. மே 1, அக்டோபர் 2 கிராம சபைக் கூட்டங்களில் அளங்களில் குடிதண்ணீர், கழிப்பறை, மழைக்கால நிவாரணம் பற்றித் தீர்மானம் போடச் சொல்லுங்கள். நாம் போட்ட கணக்கையும் அங்கே வாசியுங்கள்.

முத்துக் குளித்தவர்களின் பெயரை அன்று யாரும் எழுதி வைக்கவில்லை. உப்பு வாருகிறவர்களின் பெயரையாவது நாம் எழுதுவோம், தோழிகளே. அடுத்த கூட்டத்திலேயே தொடங்குவோமா?