மலை இல்லாத ஊரில் மலையேற்றம்

கேள்வி: எங்கள் பக்கம் முந்திரிக்காடுதான், மலையே இல்லை. மலையேற்றத்துக்கு ஊட்டி, கொடைக்கானல்தான் போகவேண்டுமா?
– ஒரு வாசகர், ஆண்டிமடம்

பதில்: வேண்டாம். அரியலூர் தாண்டி மேற்கே, பெரம்பலூர் மாவட்டம் ஆலத்தூர் வட்டத்துக்குப் போங்கள். அங்கே காரை கிராமத்தை ஒட்டி, மழைநீர் அரித்த மண்மேடுகளும் ஓடைகளுமாக ஒரு பொட்டல் விரிந்து கிடக்கிறது. சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன் அது கடலடி. காலடியில் ஜிப்சம் மின்னும். துப்பாக்கித் தோட்டா போல ஒரு கல் கிடந்தால், அது கணவாய் இனத்து உயிரி ஒன்றின் புதைபடிவம். பெயர் பெலம்னைட். பார்த்துவிட்டு அங்கேயே வைத்துவிடுங்கள். பைநிறைய அள்ளிப்போகிறவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வரும்.

நிழல் துளியும் கிடையாது. விடியலில் இறங்கி ஒன்பது மணிக்குள் ஏறிவிடுங்கள். ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர், தொப்பி, பிடிமானமுள்ள ஷூ அவசியம். மேடுகள் எல்லாம் ஒரே சாயல். வழி தப்புவது சுலபம், தனியே போகாதீர்கள். மழை பெய்த மறுநாள் வேண்டவே வேண்டாம். களிமண் செருப்பைப் பிடுங்கிக்கொள்ளும்.

திரும்பும்போது சாத்தனூர் கல்மரத்தையும் பாருங்கள். 18 மீட்டர் நீளம். 1940-இல் அதை உலகுக்குத் தெரிவித்தவர் புவியியலாளர் எம்.எஸ்.கிருஷ்ணன்.