'உண்டு' தெரிஞ்சா 'இல்யா' தெரியும்: தமிழ் வழியா கொஞ்சம் பிரெஞ்சு

டிசம்பர், ஜனவரி மாசத்துல செங்கம் ரோட்டுல ரமணாசிரமம் பக்கம் நடந்து பாருங்க. டீக்கடை, புத்தகக்கடை, ஆட்டோ ஸ்டாண்ட்னு எங்க நின்னாலும் வெளிநாட்டுப் பேச்சு காதுல விழும். அதுல பிரெஞ்சும் ஒண்ணு. இது புதுசும் இல்ல. ஆன்றி ல சோ என்ற பிரெஞ்சுத் துறவி 1949-ல ரமணரைப் பார்க்க இங்க வந்தார். பிறகு அபிஷிக்தானந்தர் என்ற பெயரோட அருணாசல மலைக் குகைகள்ல தங்கினார்.

பிளஸ் டூ-வுல மார்க்குக்காக பிரெஞ்சு எடுத்தவங்க நம்ம காலேஜ்ல நிறைய பேர் இருக்கீங்க. நல்ல மார்க்கும் வாங்கியிருப்பீங்க. ஆனா ஒருத்தர் வந்து "இங்க தண்ணி இருக்கா?"ன்னு பிரெஞ்சுல கேட்டா பதில் வருமா? வரலைன்னா அதுக்கு ஒரு முக்கியமான காரணம், நாம பிரெஞ்சை இங்கிலீஷ் வழியா படிச்சதுதான். இந்த ஒரு பாடத்தையாவது தமிழ் வழியா போய்ப் பார்ப்போம். பாதை ரொம்பக் குறுக்கு.

ஒரே சொல்: இல்யா

ஒரு பொருள் 'இருக்கு'ன்னு சொல்ல பிரெஞ்சுல 'இல் இ ஆ'ன்னு மூணு சின்னச் சொல். சேர்த்துச் சொன்னா 'இல்யா'. பேச்சுல இன்னும் சுருங்கி வெறும் 'யா' ஆயிடும்.

இல்யா அன் கஃபே: ஒரு காபிக்கடை இருக்கு.
இல்யா தே பான்: மயில்கள் இருக்கு.

ஒருமை, பன்மை ரெண்டுக்கும் அதே 'இல்யா'. இங்கிலீஷ்ல ஒண்ணுக்கு ஒரு வடிவம், பலதுக்கு வேற வடிவம். அதை மனசுல வச்சுக்கிட்டு பிரெஞ்சுக்குப் போனா, பன்மைக்கு என்ன போடணும்னு தேடுவீங்க. தேட வேண்டாம். நம்மகிட்ட 'உண்டு' இருக்கே! மரம் உண்டு, மரங்கள் உண்டு, அவன் உண்டு, அவர்கள் உண்டு. 'உண்டு' யாருக்காகவும் மாறாது. 'இல்யா'வும் அப்படித்தான். கிரிவலப் பாதையில அஷ்டலிங்கம் இருக்கே, அதையும் 'இல்யா உயி லிங்கா'ன்னு சொல்லிடலாம். 'உயி'ன்னா எட்டு.

உச்சரிப்புக்கு ஒரு குறிப்பு. 'பான்', 'அன்' ரெண்டுலயும் கடைசி 'ன்'னை முழுசா சொல்லக்கூடாது, மூக்குல விடணும். கஷ்டம்னு நினைக்காதீங்க. 'அவன் வந்தான்'னு வேகமாப் பேசும்போது கடைசி 'ன்' எப்படிக் கரைஞ்சு மூக்குக்குப் போகுதோ, அதேதான். மலைக்கு பிரெஞ்சுல 'மோன்த்தாஞ்'. அதுல வர்றது நம்ம 'ஞ'தான்.

உள்ளே என்ன இருக்கு?

'இல்யா'வைப் பிரிச்சா 'அது', 'அங்கே', 'வைத்திருக்கிறது' என்று மூணு துண்டு கிடைக்கும். அதாவது பிரெஞ்சு, 'வைத்திருப்பது' என்ற வினையை வச்சு 'இருப்பதை'ச் சொல்லுது. தமிழ் நேர் எதிர். 'எனக்கு ரெண்டு அண்ணன் இருக்காங்க'ன்னு, 'இருப்பது' என்ற வினையை வச்சு 'உடையதை'ச் சொல்றோம். இதையே பிரெஞ்சுல சொன்னா 'ஜே தெ ஃப்ரேர்', அதாவது 'நான் ரெண்டு சகோதரர்களை வைத்திருக்கிறேன்'. கண்ணாடியில பார்க்கிற மாதிரி இடம் வலம் மாறி நிக்குது.

எப்போ போடக்கூடாது?

இந்த ரெண்டு வாக்கியத்தையும் சத்தமாச் சொல்லிப் பாருங்க.

அங்க ஒரு காபிக்கடை இருக்கு.
காபிக்கடை அங்க இருக்கு.

முதல்ல சொன்னது புதுத் தகவல். அப்படி ஒரு கடை இருக்குன்னே கேட்கிறவருக்குத் தெரியாது. இரண்டாவதுல கடை தெரிஞ்சதுதான், இடம்தான் கேள்வி. தமிழ்ல சொல் வரிசையை மாத்தியே வேலையை முடிச்சுட்டோம். பிரெஞ்சுல வினையே மாறும். புதுசுக்கு 'இல்யா'. தெரிஞ்சதுக்கு 'எ': 'ல கஃபே எ லா'.

இல்லை வேற, அல்ல வேற

எதிர்மறைக்கு 'இல் நியா பா த'. பேச்சுல 'யா பா த'.

யா பா த பூஸ்: பஸ் இல்லை.
யா பா தோ: தண்ணி இல்லை. தண்ணி 'ஓ'. 'த'வும் 'ஓ'வும் சேர்ந்து 'தோ'.

இது 'இல்லை'. 'அல்ல' வேணும்னா 'ஸ நே பா' போடணும். 'ஸ நே பா த்யூ கஃபே' என்றால் 'இது காபி அல்ல'. பேசும்போது ரெண்டையும் 'இல்ல'ன்னே சொல்லிடறோம். அதனால பிரெஞ்சுக்கு மாத்துறதுக்கு முன்னாடி ஒரு தடவை எழுத்துத் தமிழ்ல சொல்லிப் பாருங்க. எது வரணும்னு தானா தெரியும்.

நேற்று, நாளை

இங்கதான் 'உண்டு' கைவிடும். அதுக்குக் காலம் கிடையாது. பிரெஞ்சுக்கு உண்டு: இருந்தது 'இல்யாவே', இருக்கும் 'இல்யோரா'.

1950 ஏப்ரல் 14 இரவு ரமணர் மறைந்தபோது, பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் ஆன்றி கார்த்தியே-பிரெசோன் இங்கதான் இருந்தார். அந்த நேரத்துல வானத்துல ஒரு ஒளி நகர்ந்து போனதைப் பார்த்ததாச் சொன்னார். நாம சொன்னா: 'இல்யாவே யூநேத்வால்'. ஒரு நட்சத்திரம் இருந்தது.

'இல்யா'வுக்குப் பின்னாடி கால அளவு வந்தா அர்த்தம் மாறலாம். 'இல்யா தெஸான்' என்றால் ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி. 'வந்து ரெண்டு வருஷம் இருக்கும்'னு நாம சொல்றதை நினைச்சுக்கோங்க, பக்கத்துலயே நிக்குது.

பயிற்சி

1. ஆசிரமத்துல மயில்கள் இருக்கு.
2. பாண்டிச்சேரிக்கு பஸ் இருக்கா?
3. பஸ் அங்க இருக்கு.
4. தண்ணி இல்ல.
5. இது காபி இல்ல.

1, 2, 4 மூணும் 'இல்யா' குடும்பம். கேள்விக்கு முன்னாடி 'எஸ்க்' சேர்த்து 'எஸ்கில்யா'ன்னு ஆரம்பிங்க. மூணாவதுக்கு 'எ', அஞ்சாவதுக்கு 'ஸ நே பா'.

இந்த ஊர்ல இருந்துக்கிட்டே ரமணர் 1928-ல தமிழ்ல எழுதின நூலின் பெயர் 'உள்ளது நாற்பது'. அவர் கேட்ட கேள்வி ரொம்பப் பெருசு. நமக்கு இப்போதைக்கு தண்ணியும் பஸ்சும் உள்ளதா இல்லையான்னு சொல்லத் தெரிஞ்சாப் போதும். அடுத்த தடவை யாராவது 'எஸ்கில்யா'ன்னு ஆரம்பிச்சா இங்கிலீஷுக்கு ஓடாதீங்க. 'வீ, இல்யா'ன்னு சொல்லி, கையைக் காட்டுங்க. 'வீ'ன்னா ஆமாம்.