பைப் ஸ்ட்ரெஸ் வகுப்பில் சேரும் முன்



டிப்ளமோ மெக்கானிக்கல் முடித்த நம் பிள்ளைகள் சிலர், வளைகுடா வேலைக்கு உதவும் என்று 'பைப் ஸ்ட்ரெஸ்' மென்பொருள் வகுப்பில் சேரக் கல்வி உதவி கேட்கிறார்கள். நகையை அடகு வைத்துக் கட்டணம் கட்டும் வீடுகளும் உண்டு. நல்ல தொழில்தான், டிசைன் அலுவலகங்களில் பெண் பிள்ளைகளும் செய்யலாம். ஆனால் அது என்ன வேலை என்பது அத்தா, அம்மாவுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

நெய்வேலியில் இதை விளக்குவது எளிது. 1962இல் முதல் அனல்மின் நிலையம் ஓடத் தொடங்கியதிலிருந்து நம் ஊர் நீராவியை நம்பி வாழ்கிறது. 210 மெகாவாட் யூனிட்டில் பாய்லரிலிருந்து டர்பைனுக்குப் போகும் நீராவியின் வெப்பம் 540 டிகிரியை ஒட்டி இருக்கும். யூனிட் நின்று ஆறிய பிறகு அதே குழாய் 30 டிகிரிக்கு வந்துவிடும். சூடேறினால் எஃகு நீளும்: ஒரு மீட்டருக்கு, ஒரு டிகிரிக்கு சுமார் 0.012 மில்லிமீட்டர். அற்பமாகத் தெரிகிறதா? 10 மீட்டர் குழாய் 500 டிகிரி சூடேறினால் 60 மில்லிமீட்டர், அதாவது மூன்று விரல் அகலம் நீளும்.

நீள விடாமல் இரு முனையையும் இறுக்கிப் பிடித்தால், 150 டிகிரி சூட்டிலேயே குழாயினுள் சுமார் 360 மெகாபாஸ்கல் அழுத்தம் உண்டாகும். சாதாரண எஃகு 250இலேயே நிரந்தரமாக உருமாறத் தொடங்கிவிடும். கனமான குழாய் போட்டால் சரியாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆகாது. தடிமன் கூடினால் முனையிலுள்ள பம்பையும் டர்பைனையும் தள்ளும் விசைதான் கூடும். நீராவிக் குழாய் நேராகப் போகாமல் இடையில் 'ப' எழுத்துபோல் வளைந்து வருவது இதனால்தான். அந்த வளைவு நீட்சியை வாங்கிக்கொள்கிறது.

1984இல் அமெரிக்காவில் வெளிவந்த சீசர் 2 போன்ற மென்பொருள்கள் இந்தக் கணக்கைத்தான் போடுகின்றன. குழாயின் பாதை, விட்டம், தடிமன், உலோகம், வெப்பம், உள் அழுத்தம், எங்கெங்கே தாங்கி என்ற விவரங்களை நாம் கொடுக்க வேண்டும். எங்கே எவ்வளவு நகரும், எந்த வளைவில் அளவு மீறுகிறது என்று அது சொல்லும். கையால் பல நாள் போட வேண்டிய கணக்கு நிமிடங்களில் வந்துவிடும்.

சிக்கல் தாங்கியில்தான். பாய்லர் பக்கம் செங்குத்தாக நிற்கும் குழாய் மேல்நோக்கி நீளும்போது, அதோடு சேர்ந்த கிடைக்குழாய் தன் தாங்கியை விட்டு மேலே எழும்பிவிடலாம். அப்போது சுமை முழுவதும் பக்கத்துத் தாங்கிக்குப் போகும். அதற்காகவே ஸ்பிரிங் ஹேங்கர் மாட்டுகிறார்கள். தண்ணீர் நிரப்பிச் சோதிக்கும்போது அந்த ஸ்பிரிங் அசையாமலிருக்க ஒரு பின் போடுவார்கள். சோதனை முடிந்து அதை எடுக்க மறந்தால், கணினியில் ஸ்பிரிங் ஆடும், தளத்தில் இரும்புக் கம்பியாக நிற்கும். திரையில் பச்சை நிறம் வந்தது என்று காட்டும் பிள்ளையிடம் நாம் கேட்க வேண்டியது, அந்தத் தாங்கியை நேரில் பார்த்தாயா என்பதுதான்.

கணக்கே போடாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு இங்கிலாந்தின் ஃப்ளிக்ஸ்பரோ ரசாயன ஆலை சாட்சி. 1974இல் அங்கே வரிசையாக இருந்த 6 கலன்களில் ஐந்தாவதில் விரிசல் கண்டு அதைக் கழற்றினார்கள். உற்பத்தி நிற்கக் கூடாதென்று நான்காவதையும் ஆறாவதையும் இணைக்க 20 அங்குல வளைகுழாய் ஒன்றைச் செய்தார்கள், இரு முனையிலும் பெல்லோஸ் எனும் மடிப்புக் குழாய் வைத்து. வரைபடம் பட்டறைத் தரையில் சாக்பீஸால் போட்டது. உள் அழுத்தம் அந்த வளைவை எப்படித் திருகும் என்று யாரும் கணக்கிடவில்லை. அடியில் தாங்கியாக நின்றது சாரம். அப்போது ஆலையின் தலைமை மெக்கானிக்கல் பொறியாளர் பதவியும் காலியாக இருந்தது. இரண்டு மாதம் ஓடிய குழாய் ஜூன் 1 அன்று பிளந்து, 28 பேர் இறந்தார்கள். சனிக்கிழமை என்பதால் ஆள் குறைவு.

ஆகவே வகுப்பில் சேர்க்கும் முன் பெற்றோர் விசாரியுங்கள். எந்த பட்டனை எங்கே அழுத்துவது என்று மட்டும் சொல்லித்தரும் வகுப்பென்றால் சான்றிதழ் கிடைக்கும். நேர்முகத் தேர்வில் அது நிற்காது. பொருட்களின் வலிமை, ஐசோமெட்ரிக் வரைபடம் வாசிப்பது, மின் நிலையக் குழாய்களுக்கான பி 31.1 விதிமுறை, இந்திய பாய்லர் விதிகள் இவற்றையும் நடத்துகிறார்களா என்று பாருங்கள். மஹல்லாவில் ஓய்வு பெற்ற ஃபிட்டர், வெல்டர் மாமாக்கள் இருக்கிறார்கள். தாங்கிகளைப் பற்றி அவர்களிடம் ஒரு மாலைப்பொழுது பேசினால் பாடப்புத்தகத்தில் இல்லாதது கிடைக்கும்.

கல்வி உதவிப் பணம் அமானிதம் என்பதால், இவ்வகுப்புக்கு விண்ணப்பிப்பவர்களிடம் ஒரு கணக்குக் கேட்கிறோம். 12 மீட்டர் எஃகுக் குழாய் 30 டிகிரியிலிருந்து 200 டிகிரிக்குச் சூடேறினால் எவ்வளவு நீளும்? ஒரு முனை பம்பில் இருந்தால் அந்த நீட்சியை எங்கே விடுவீர்கள்? கணினி இல்லாமல், ஒரு தாளில் கையால் எழுதி, படமும் போட்டு விண்ணப்பத்துடன் இணைத்துத் தாருங்கள்.