சிப்பந்திக்கும் ஓர் இருக்கை

தொழிலிடப் பாதுகாப்பு என்றதும் நமக்குச் சிவகாசிப் பட்டாசு ஆலைகளும் இராஜபாளையம் நூற்பாலைகளுமே நினைவுக்கு வருகின்றன. பலசரக்குக் கடையில் என்ன ஆபத்து இருக்கிறது என்று எண்ணி விடுகிறோம். ஆனால் கடை திறந்தது முதல் அடைக்கும் வரை நின்றபடியே சரக்கு எடுத்து, நிறுத்து, பொட்டலம் கட்டித் தரும் சிப்பந்தியின் கால்களை நாம் கவனிப்பதில்லை. கல்லாவில் இருப்பவருக்கு நாற்காலி உண்டு, சிப்பந்திக்கு இல்லை.

நாள்தோறும் பல மணி நேரம் ஓரிடத்திலேயே நிற்பவருக்குக் காலிலிருந்து மேலே ஏற வேண்டிய இரத்தம் தேங்குகிறது. பாதம் வீங்குகிறது; இடுப்பு வலிக்கிறது. நாளடைவில் இரத்தக் குழாய்கள் புடைத்துச் சுருண்டு கொள்வதும் உண்டு. இதைத்தான் நரம்புச் சுருட்டு என்கிறோம்.

கோழிக்கோட்டில் தொடங்கியது

இதை முதலில் பேச வைத்தவர்கள் அதிகாரிகள் அல்லர். கேரளத்தில் கோழிக்கோடு மிட்டாய்த் தெருவின் கடைகளில் வேலை பார்த்த பெண்களுக்குக் கழிப்பிட வசதிகூட இல்லாதிருந்தது. அதனால் பலர் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக் கொண்டனர். சிறுநீர்த் தொற்று வந்து அவதிப்பட்டனர். தையல் தொழிலாளியான பி. விஜி என்பவர் இப்பெண்களை ஒன்று திரட்டி, 'பெண்கூட்டு' என்ற அமைப்பைக் கண்டார். முதலில் கழிப்பிடம் கேட்டனர். பின்னர் உட்காரும் உரிமை கேட்டனர். பல ஆண்டு முயற்சியின் பயனாக, 2018-இல் கேரள அரசு கடைகள் சட்டத்தைத் திருத்தி, பணியாளருக்கு இருக்கை தர வேண்டும் என்று விதித்தது.

தமிழகத்தில் கடைச் சிப்பந்திகளின் பாட்டை 2010-இல் வெளிவந்த 'அங்காடித் தெரு' திரைப்படம் ஊரறியச் செய்தது. அதை இயக்கிய வசந்தபாலன் நம் விருதுநகர்க்காரர். 2021 செப்டம்பரில், 1947-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தும் மசோதா சட்டப்பேரவையில் நிறைவேறியது. வேலைக்கிடையே வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார்ந்து கொள்ள, எல்லாப் பணியாளர்களுக்கும் தகுந்த இருக்கை இருக்க வேண்டும் என்பதே அத்திருத்தத்தின் சாரம்.

நாம் கற்க வேண்டியது

தொண்டு நிறுவனங்கள் என்றாலே தொல்லை தர வருபவர்கள் என்ற எண்ணம் நம்மில் சிலருக்கு உண்டு. சற்று நிதானமாக யோசிப்போம். முதலாளியிடம் சிப்பந்தி நேரில் சொல்லக் கூசுவதை, குறிப்பாகப் பெண்கள் சொல்லக் கூசுவதை, இவ்வமைப்புகள் எடுத்துச் சொல்கின்றன. உள்ளே இருப்பவர் கண்ணுக்குப் பழகிப்போன குறை, வெளியே இருந்து பார்ப்பவர்க்குப் பளிச்சென்று தெரிகிறது. ஆனால் அவர்களின் பணி அத்தோடு முடிகிறது. நம் கடைக்குள் முக்காலியைக் கொண்டு வந்து போட வேண்டியவர்கள் நாம்தான்.

"சிப்பந்தி உட்கார்ந்திருந்தால் வாடிக்கையாளர் என்ன நினைப்பார்?" என்று கேட்கலாம். ஆள் வந்தால் எழுந்து கொள்ளப் போகிறார்; இல்லாத நேரத்தில் ஐந்து நிமிடம் உட்காருவதால் வியாபாரம் குறையாது. மாறாக, சரக்கும் விலையும் வாடிக்கையாளர் முகமும் பழகிய ஆள், கால்வலியால் வேலையை விட்டு நின்றுவிட்டால், புது ஆளைப் பழக்க நமக்கு எத்தனை மாதமாகும்?

வன்னியம்பட்டி போன்ற ஊர்களில் உள்ள சிறு கடைகளிலும் இதற்குப் பெரிய செலவில்லை. தராசுக்கு அருகே ஒரு முக்காலி போடலாம். அடிக்கடி எடுக்கும் சரக்கைக் கைக்கெட்டும் உயரத்தில் வைக்கலாம். கூட்டம் குறைந்த பிற்பகலில் முறை வைத்து ஓய்வு தரலாம். கழிப்பிடத்துக்கு இடமில்லாத கடைக்காரர்கள் நாலைந்து பேர் சேர்ந்து, பூட்டும் தண்ணீர் வசதியும் உள்ள ஒன்றைப் பொதுவாகக் கட்டலாம். உறுப்பினர்களை ஒன்று சேர்க்கும் பொறுப்பைச் சங்கம் ஏற்கலாம். தொண்டு நிறுவனங்களை அழைத்து மருத்துவ முகாமும் நடத்தலாம்.

சட்டம் கேட்கிறதே என்று செய்வதைவிட, நம் கடையில் உழைப்பவர் நம் வீட்டு மனிதர் என்று எண்ணிச் செய்வதே வணிகருக்கு அழகு. நாளைக் காலை கடை திறக்கும்போது முதல் வேலையாக ஒரு முக்காலியை எடுத்துப் போடுவோம்.