தோட்டத்துக் கடையும் அதன் பின்வாசலும்



இம்முறை பாடத்திற்கு நாம் எடுத்துக்கொண்ட பொருள் குப்பை. இதுவும் ஒரு பொருளா என்று சிலர் முகம் சுளிக்கலாம். அந்தியில் கடையைச் சாத்துமுன் வரவென்ன, செலவென்ன, கைச்சரக்கு எவ்வளவு என்று கணக்குப் பார்க்கிற நாம், பின்வாசல் வழியாக வெளியே போவதை எந்த ஏட்டிலும் எழுதுவதில்லை. அதுவும் நாம் காசு கொடுத்து வாங்கிய சரக்கின் ஒரு பகுதிதானே? ஆகையால் இன்று பின்வாசலுக்குப் போவோம்.

வீண் விரயம் கூடாதென்பது மார்க்கத்தின் கட்டளை. திருக்குர்ஆனின் ஏழாவது அத்தியாயமாகிய அல்-அஃராபின் 31-ஆம் வசனத்தை ஜும்ஆப் பிரசங்கங்களில் நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். அதைவிட வியாபாரியின் மனத்துக்கு நெருக்கமான ஒரு செய்தி ஹதீஸ் நூல்களில் இருக்கிறது. அன்னை மைமூனா (ரலி) அவர்களின் ஊழியப் பெண்ணுக்குத் தர்மமாகக் கிடைத்த ஆடொன்று செத்துக் கிடந்தது. அவ்வழியே வந்த நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், இதன் தோலை எடுத்துப் பயன்படுத்தக் கூடாதா என்று வினவினார்கள். அது தானாய்ச் செத்ததாயிற்றே என்றார்கள் உடனிருந்தோர். விலக்கப்பட்டிருப்பது அதை உண்பது மாத்திரமே என்று விளக்கம் கிடைத்தது. புகாரி, முஸ்லிம் இரண்டிலும் இச்செய்தி உண்டு. ஒரு பயனுக்கு ஆகாமற் போன பொருள், எல்லாப் பயனுக்கும் ஆகாமற் போய்விடுவதில்லை என்று நாம் இதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். ஆனால் செத்த ஆட்டின் தோலைப் பதனிட்ட பிறகுதான் கையாளலாம். பதனிட ஒரு தொட்டியும், அதற்கு ஒரு ஆளும் வேண்டும். வாணியம்பாடி, ஆம்பூர்ச் சகோதரர்களுக்கு இதை நாம் சொல்லித் தர வேண்டியதில்லை. (அந்தத் தொட்டிகளின் கழிவுநீர் பாலாற்றை என்ன பாடு படுத்திற்று என்பதும் அவர்களுக்குத் தெரியும். பயனை எடுத்துக்கொண்டு மிச்சத்தை ஆற்றில் விடுவது பாதிப் பாடம் படித்தது போலத்தான்.)

குப்பை விஷயத்தில் குறைவாயிருப்பது அந்தத் தொட்டியும் ஆளுமே என்பது நமது அபிப்பிராயம். உபதேசத்துக்குக் குறைவில்லை.

இதற்கு அத்தாட்சி தேடி வெகுதூரம் போக வேண்டாம். நெகிரி செம்பிலான் தோட்டங்களிலேயே இருக்கிறது. பால்மரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மங்கில் வடிகிற பால் மாத்திரமா காசாயிற்று? வெட்டுக்கோட்டில் உறைந்த ஒட்டுப்பால், மங்கில் உறைந்த கட்டிப்பால், மண்ணில் சிந்தி இறுகியது ஆகிய யாவும் தனித்தனியே பொறுக்கப்பட்டு, தனித்தனியே நிறுக்கப்பட்டன. ஒவ்வொன்றுக்கும் ஒரு தரம், ஒரு விலை. ஆனால் அந்த மரத்தையே நாம் வெகுகாலம் குப்பையாகத்தான் பார்த்தோம். இருபத்தைந்து முப்பது ஆண்டு பால் கொடுத்து ஓய்ந்த மரத்தை வெட்டிச் சாய்த்துக் கொளுத்தினார்கள். மிஞ்சினால் புகைக் கொட்டகைக்கும் செங்கல் சூளைக்கும் விறகாயிற்று. வெட்டின சில நாளிலேயே பூஞ்சணம் பிடித்துக் கறுத்து, வண்டு துளைத்துவிடும் மரம் அது. பிறகு, வெட்டியவுடன் அறுத்துப் போரான் உப்புக் கரைசலில் ஊறவைத்து, சூளையில் உலர்த்தும் பட்டறைகள் எழுந்தன. அதே மரம் மலேசியாவின் மேசை நாற்காலி ஏற்றுமதிக்கு முதுகெலும்பாயிற்று. மரம் மாறவில்லை, பட்டறை வந்தது.

செம்பனையின் கதை இன்னும் விரிவானது. ஆலைக்குள் போகிற நூறு கிலோ பழக்குலையில் கிடைக்கும் எண்ணெய் சுமார் இருபது கிலோ. பழம் உதிர்த்த வெறுங்குலையும் ஏறக்குறைய அதே எடை, இருபது கிலோவுக்குச் சற்று மேலே. நாரும் ஓடும் ஆலையின் கொதிகலனுக்கே எரிபொருளாகிவிடும். எண்ணெய் ஒரு டன் எடுத்தால் இரண்டரை முதல் மூன்று டன் கழிவுநீர் வெளியேறும். முன்னாளில் அந்த நீர் ஆற்றில் விழுந்தது. ஆற்றின் பிராணவாயுவை உறிஞ்சி மீனைச் சாகடித்தது. 1977-இல் அரசாங்கம் செம்பனை ஆலைகளுக்கென்றே ஒழுங்கு விதிகள் கொண்டு வந்தது. கழிவுநீர் எவ்வளவு பிராணவாயுவை உறிஞ்சலாம் என்பதற்கு 1978-இல் லிட்டருக்கு 5000 மில்லிகிராம் என்று எல்லை வைத்து, வருடா வருடம் இறக்கி, 1984-இல் 100-க்குக் கொண்டு வந்தார்கள். ஆலையை மூடு என்று சொல்லவில்லை. குளம் வெட்ட அவகாசம் கொடுத்தார்கள். இன்று பல ஆலைகளில் வெறுங்குலையை நார் நாராகக் கிழித்து, வரிசையாகக் குவித்து, அந்தக் கழிவுநீரையே மேலே தெளித்துப் புரட்டி எருவாக்குகிறார்கள். எருவாக்காத இடங்களில் வெறுங்குலையை மரத்தடியில் பரப்புகிறார்கள். சாம்பல் சத்து அதில் மிகுதி. கனமாகக் குவித்தால் காண்டாமிருக வண்டு முட்டையிட்டுப் பெருகும், ஆதலால் ஒற்றை அடுக்காகவே பரப்ப வேண்டும் என்பது தோட்டத்து மண்டோர்கள் நன்கறிந்த விஷயம்.

மறுநடவின்போது பழைய மரங்களைக் கொளுத்தாமல், துண்டு போட்டு மண்ணிலேயே மக்கவிடும் முறைக்காக, நமது மாநிலத்திலும் தோட்டங்கள் வைத்திருந்த கோல்டன் ஹோப் கம்பெனிக்கு 1992-இல் ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் அமைப்பு விருது வழங்கிற்று. அக்கம்பெனி 2007-இல் சைம் டார்பியுடன் இணைந்து போயிற்று.

தோட்டம் இவ்வளவு கற்றுக்கொண்டது. தோட்டத்துக் கடை என்ன செய்தது? இங்கே சற்று வருத்தத்தோடு எழுத வேண்டியிருக்கிறது. கற்றிருந்ததை நாம் மறந்தோம். நம் பாட்டன்மார் நடத்திய மளிகைக் கடையில் குப்பைத்தொட்டி என்று ஒன்று இருந்ததா? மண்ணெண்ணெய்த் தகரம் தண்ணீர் சுமந்தது. அரிசி வந்த கோணிக்குத் தனி விலை. பழைய பத்திரிகை பொட்டலமாயிற்று. சோடாப் போத்தலுக்கு முன்பணம் வாங்கி, திருப்பிக் கொண்டுவந்தால் கொடுத்தோம். காப்பி கட்டிக்கொண்டு போக வருகிறவருக்கு டின்பால் டப்பாவில் ஊற்றிக் கயிறு கட்டித் தொங்கவிட்டோம். இவற்றை யாரும் தர்மமென்று செய்யவில்லை, லாபமென்று செய்தார்கள். பிளாஸ்டிக் பை மலிந்தவுடன் இவ்வளவும் ஒருசில ஆண்டுகளில் போயிற்று.

இன்று சிரம்பானிலோ போர்ட்டிக்சனிலோ பட்டணத்துக் குப்பை எங்கே போகிறது என்று விசாரித்தால், லாடாங் தானா மேரா என்பார்கள். பெயரிலேயே தோட்டம். அங்கே குப்பை புதைக்கும் தலமும், எரித்து மின்சாரம் எடுக்கும் ஆலையும் இருக்கின்றன. நீலாய்க்கு அருகே பாஜாமில் இருந்த பழைய குப்பைமேட்டை மூடி, அதன்மேல் 2012-இல் சூரிய மின்தகடுகளை நிறுத்தினார்கள். நல்லதுதான். ஆனால் 2012-இல் நாடு முழுவதும் எடுத்த கணக்கில் வீட்டுக் குப்பையில் 44.5 விழுக்காடு உணவு மிச்சம் என்று தெரிந்தது. ஈரமான சோற்றையும் குழம்பையும் எரிப்பது ஈர விறகை அடுப்பில் வைப்பது போல. புதைத்தாலோ, காற்றில்லாமல் அழுகி, எரிவாயுவும் கறுப்பு நீரும் கசியும்.

2007-ஆம் ஆண்டின் 672-ஆம் சட்டம் நெகிரி செம்பிலானுக்கும் உரியது. 2011 செப்டம்பரிலிருந்து நடைமுறையில் உள்ளது. குப்பையை வீட்டிலேயே பிரிக்க வேண்டும் என்ற விதி 2015 செப்டம்பர் முதல் தேதி வந்தது. அபராதம் 2016 ஜூன் முதல். வாரத்தில் இருமுறை மக்கும் குப்பை முதலியன, ஒருமுறை மறுபயனீட்டுப் பொருள்கள் என்று லாரி வரும் ஏற்பாடு. நாட்டின் மறுபயனீட்டு விகிதம் 2012-இல் 10.5 விழுக்காடாக இருந்தது, 2022-இல் 33-ஐத் தாண்டிற்று. சட்டத்தால் பயனில்லை என்போர் இதைக் கவனிக்கவும்.

தோட்டங்களின் சங்கடம் வேறு. தோட்டம் தனியார் நிலம். லயத்துக் குப்பையைப் பல இடங்களில் நிர்வாகமே குழி தோண்டிப் புதைக்கிறது. குழி நிறைந்தால் யாராவது நெருப்பு வைக்கிறார்கள். 1974-ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் சட்டத்தின் 29ஏ பிரிவு திறந்தவெளியில் எரிப்பதைத் தடுக்கிறது என்று சொன்னால், பின்னே எங்கே போடுவது என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. அந்தக் குழியில் கிடக்கும் அட்டைப்பெட்டி, டின், பை இவற்றில் பெரும்பங்கு நம் கடைகளிலிருந்து போனது என்பதை நாம் மறுக்க முடியாது.

இனிச் செய்யக்கூடியதைப் பார்ப்போம்.

முதலாவது, ஈரத்தையும் உலர்ந்ததையும் ஒன்று சேர விடாதிருத்தல். காய்ந்த அட்டைக்கு விலையுண்டு. அதே அட்டையில் மீன் தண்ணீர் பட்டால் “பேப்பர் லாமா” லாரிக்காரர் கையை அசைத்துவிட்டுப் போய்விடுவார். இரண்டாவது, கூட்டு. ஒரு கடையின் அட்டைக்காக லாரி பத்து மைல் உள்ளே வராது. பகாவ், லாபுப் பக்கங்களில் நாலைந்து கடைகள் சேர்ந்து தகரக் கூரை போட்ட ஒரு கொட்டகை வைத்து, கட்டுக் கட்டாகச் சேர்த்தால் வரும். சில்லறையாய் வாங்குகிறவனுக்கு ஒரு விலை, மொத்தமாய் வாங்குகிறவனுக்கு ஒரு விலை என்று நாம் பிறருக்குச் சொல்கிறோமே, அதே நியாயம்தான். உணவுக்கடைச் சகோதரர்கள் பொரித்து முடித்த எண்ணெயைச் சாக்கடையில் ஊற்றாமல் டின்னில் சேர்த்து, உரிமம் உள்ளவருக்கே விற்க வேண்டும். யாரோ ஒருவர் வந்து அதிக விலை கொடுத்தால் அந்த எண்ணெய் மறுபடி யாருடைய சட்டிக்குப் போகிறதென்று சந்தேகப்பட வேண்டும்.

மூன்றாவது எரு. தேயிலைச் சக்கை, தேங்காய்ச் சக்கை, வெங்காயத் தோல், வாழையிலை, முட்டை ஓடு ஆகியவை தினமும் சேரும் கடைக்கு இது கைமேல் கிடைத்த சரக்கு. ஈரக் கழிவு ஒரு பங்கு, காய்ந்த சருகோ மரத்தூளோ இரண்டு பங்கு என்று அடுக்கடுக்காகப் போட வேண்டும். பால்மரத் தூள் மரப்பட்டறைகளில் கிடைக்கும். மழைத் தண்ணீர் இறங்காமல் மேலே தகரம், காற்றுப் புகப் பக்கங்களில் இடைவெளி. வாரம் ஒருமுறை புரட்டினால் உள்ளே கை வைக்க முடியாத சூடு ஏறும். ஏறாவிட்டால் ஈரமோ காற்றோ சரியில்லை. ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் ஓரிரு சொட்டு வர வேண்டும், ஒழுகக் கூடாது. நாற்றமடித்தால் சருகு போதவில்லை. எலும்பும் மீன் தலையும் சிறு குவியலில் வேண்டாம், எலியும் நாயும் வரும். இரண்டு மூன்று மாதத்தில் மண் வாசனை வந்துவிடும். நாள்பட வைத்தால் முன்சொன்ன காண்டாமிருக வண்டு குடியேறும். ஆறியதும் வாழைக்கும் கீரைக்கும் போட்டுவிடுக. இடமில்லாதவர்கள், ஜப்பானியர் தாக்காகுரா வகுத்து இந்தோனீசியாவின் சுராபாயாவில் வீடு வீடாகப் பரவிய கூடை முறையைப் பார்க்கலாம். தவிட்டில் நுண்ணுயிர் வளர்த்து, கூடையில் இட்டு, அதில் சமையல் கழிவைக் கலப்பது அது.

இதையெல்லாம் வெள்ளைக்காரப் பழக்கமென்று ஒரு சகோதரர் நம்மிடம் சொன்னார். பினாங்குப் பயனீட்டாளர் சங்கத்தை நெடுங்காலம் தலைமை தாங்கி நடத்தி 2019-இல் காலமான ஹாஜி எஸ்.எம். முகம்மது இத்ரீஸ் அவர்கள் தமிழ்நாட்டிலிருந்து வந்த வியாபாரிதான். விரயத்துக்கு எதிராக அவர் அளவுக்கு இந்நாட்டில் பேசியவர் வேறு யாரென்று அச்சகோதரரைக் கேட்டோம்.

எல்லாம் தீர்ந்துவிடும் என்று நாம் எழுதவில்லை. அதே 2012-ஆம் வருடக் கணக்கில் குழந்தைகளின் டயப்பர் மாத்திரம் 12.1 விழுக்காடு. பல அடுக்குக் காகிதமும் பிளாஸ்டிக்கும் ஒட்டிய நொறுக்குத் தீனிப் பைகளை வாங்குவாரில்லை. 2018-இல் சீனா பிற நாட்டுப் பிளாஸ்டிக் குப்பையை மறுத்தபோது, மறுபயனீடு என்ற பெயரில் அது நம் நாட்டில் வந்து குவிந்து, சிலாங்கூரின் ஜென்ஜாரோமில் திருட்டுத்தனமாக எரிக்கப்பட்டதும் நினைவிருக்கும். யாரிடம் விற்கிறோம் என்பதைப் பார்க்கத்தான் வேண்டும்.

அங்கத்தினர்கள் தங்கள் கடையில் ஒரு வாரத்தில் சேரும் அட்டை, பொரித்த எண்ணெய், தேயிலைச் சக்கை மூன்றையும் கடைத் தராசிலேயே நிறுத்து எழுதி அனுப்பினால், எத்தனை கடைக்கு ஒரு கொட்டகை போதும் என்று கணக்கிட நமக்கு வசதியாயிருக்கும்.